கூரையில் கிடைத்த பல்

ஆறு வயது அகனேயின் ஈரல் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போனது. கண்களில் மஞ்சள் ஏறிவிட்டது. பெற்றவர்கள் இருவரின் ஈரலும் அவளுக்குப் பொருந்தவில்லை. அடுத்த பால்பல் விழுந்ததும் பாலில் போட்டுக் கொண்டுவந்தால், அதன் உயிரணுக்களை ஈரல் அணுக்களாக வளர்த்துப் பார்க்கலாம் என்று பல் மருத்துவர் நுமாத்தா சொல்லியிருந்தார்.

கீழ்ப்பல் விழுந்தது. புதுப்பல் நேராக முளைக்க வேண்டும் என்று, எல்லா அப்பாக்களையும்போல தெட்சுயா அதைக் கூரைமேல் வீசிவிட்டான்.

"உங்களுக்குப் புத்தி எங்கேங்க போச்சு?" என்று அலறினாள் அவன் மனைவி மிசாகோ.

"கை தன்னால வீசிடுச்சு, மிசாகோ" என்று அவன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

அவள் ஏணி வைத்து ஏறி, ஈர ஓடுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். மழைநீர் ஓடும் தகரத்தில் ஒரு பல் கிடைத்தது. அது இளஞ்சூடாக இருந்தது. நின்று பார்க்காமல் பாலில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

மறுவாரம் நுமாத்தா கூப்பிட்டனுப்பினார்.

"மரபணு சோதிச்சுட்டோம். உங்க மகளோட பல்லுதான். ஆனா இது பால்பல் இல்லைங்க, அதுக்கப்புறம் முளைக்கிறது. எழுபது வருஷமாவது சோறு மென்னு தேஞ்சிருக்கு. எப்படின்னு எனக்கே புரியல. இதுல ஒரு அணுகூட வளராது. மன்னிச்சிடுங்க."

அவர் தலை குனிந்தே இருந்தார். மிசாகோ பல் இருந்த குப்பியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை வருஷம்னு சொன்னீங்க?"

"எழுபதுங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க, டாக்டர்."