முதல் வடி

இறந்துபோன கணவனின் சாராயம் வடிக்கும் செப்புக்கொப்பரை எதெல்காவுக்கா, கொழுந்தன் ஸோல்தானுக்கா என்று தீர்மானிக்க உறவெல்லாம் கூடியிருந்தது; சாராயம் நன்றாகத் தெரிந்தவருக்கே கொப்பரை என்பது பேச்சு. பழச்சாராயப் பிரபுக்கள் சங்கத்தின் அங்கியும் பதக்கமுமாக வந்திருந்த ஸோல்தான், எதெல்கா அடுப்பேற்றிய கொப்பரையின் குழாய் சொட்டத் தொடங்கியதுமே கோப்பையை நீட்டினான். முதலில் வடிவது விஷம். வலிக்கிற முழங்காலில் தேய்க்கத்தான் ஆகும்.

“தம்பி, அதை...”

“பொம்பளை வடிச்சா கழுநீர்தான் வரும். நீங்க பேசாதீங்க அண்ணி, என் நாக்கு பேசும்!”

எதெல்கா ஒதுங்கி நின்றாள். அவன் வாய் நிறைய ஊற்றிக்கொண்டான். கண் பிதுங்கியது. விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. துப்பினால், முதல் வடி எதுவென்று பிரபுவுக்கே தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும், கொப்பரையும் போய்விடும்.

“நாக்கு என்னடா சொல்லுது?” என்றாள் மாமியார்.

அவன் காலருகே கிடந்த வாளியை எதெல்கா மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.