துப்பாக்கியா, துடைப்பமா?

"ஏங்க, கோடாரிய எடுக்கட்டுமா, இல்ல இந்த இரும்புக் கம்பியே போதுமா?"

டிவி திரையில் பாழடைந்த ஓட்டல் ஒன்றின் சமையலறை இருண்டு கிடந்தது. அவள் கையிலிருந்த வீடியோ கேம் கன்ட்ரோலரைத் திருப்பத் திருப்ப, அங்கே டார்ச் வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் போய் முட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் கணவன் இமை கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா முத்து உதிர்ந்துடுமா? சரி, நானே முடிவு பண்ணிக்கறேன். கம்பிதான்."

அவர் புருவம் நெரிந்தது. கோடாரியை விட்டுவிட்டுக் கம்பியை எடுப்பவளை என்ன செய்வது?

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர்களைத் திருத்தியே பழகியவர். ஒருவர் தப்புச் செய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. இந்தப் பேய் விளையாட்டிலும் புலி. "சில்லறைப் பேய்க்கெல்லாம் தோட்டாவ வீணாக்காதே! பெருசு வரும், அதுக்கு வை!" என்று தனக்குத்தானே அவர் போடும் கூச்சல் மாடி வீட்டுக்கும் கேட்கும். கொஞ்சம் மெதுவாக விளையாடக்கூடாதா என்று அவள் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறாள்.

இப்போது அவர் பேசுவதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையாவது பிடுங்கிவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

காய்ந்த துணிகளோடு உள்ளே வந்த மாமியார் இருவரையும் பார்த்தார்.

"இன்னிக்காவது வாயத் திறந்தானா?"

"எங்கே, அத்தை! முறைக்க மட்டும் நல்லா முறைக்கறாரு."

"நீ ஏம்மா அவனைப் போய்ச் சீண்டிக்கிட்டே இருக்கே? பாவம், விட்டுடேன்."

"விட்டா அப்படியே பழகிப்போயிடும், அத்தை."

மாமியார் ஒரு பெருமூச்சோடு துணிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திரையில் அவள் படியேறினாள். இந்த விளையாட்டில் பை ரொம்பச் சின்னது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பேயைவிட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மருந்தை விடுவதா, தோட்டாவை விடுவதா? எதை விட்டாலும் அடுத்த அறையில் அதுதான் தேவைப்படும் என்று தோன்றும். வாழ்க்கையிலும் அவள் சமீபத்தில் பலதைப் போட்டுவிட்டு நடந்திருந்தாள். முதலில் போட்டது ரோஷத்தை. அது இல்லாமல் பை நன்றாகவே லேசாக இருந்தது.

மாடி அறையில் வலப்பக்க மேஜைமேல் துப்பாக்கி ஒன்று பளபளத்தது. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

"ம்ம்!" என்றார் அவர்.

"என்ன ம்ம்?"

தாடையை வலப்பக்கம் வெட்டிக் காட்டினார்.

"தாடை பாஷையெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. அட, இங்க பாருங்க, துடைப்பம்! வீட்டுலயும் இதானே நம்ம கையில இருக்கு. பேயையும் பெருக்கித் தள்ளிடலாம்."

துடைப்பத்துக்கு இடம் வேண்டுமே. பையிலிருந்த தோட்டாக்களை எடுத்துத் தரையில் கொட்டினாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார்.

கதவு பிளந்தது. பெருசு வந்துவிட்டது. கூரையைத் தொடும் உயரம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வாய். அவள் துடைப்பத்தை ஓங்கி ஒரு போடு போட்டாள். பேய்க்குக் கூச்சம்கூட ஏற்படவில்லை.

"ஐயோ, சாகமாட்டேங்குதே! என்னங்க பண்றது? திரும்பவும் துடைப்பமா?"

அவருக்கு முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் கோணிக்கொண்டு துடித்தன. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கே தாங்கவில்லை. போதும், நான் தோற்றுவிட்டேன் என்று டிவியை அணைத்துவிடலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் துடைப்பத்தை ஓங்கினாள்.

"ம... ம..."

"சத்தமா சொல்லுங்க. கேட்கலை!"

"மக்கு!" வீடே அதிரக் கத்தினார். "மக்கு! துப்... துப்பாக்கி!"

கன்ட்ரோலர் அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. திரையில் பேய் அவளை ஆற அமர விழுங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பியே பார்க்கவில்லை. மண்டியிட்டு அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கண்ணீர் வழிய நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை திட்டுங்க," என்றாள்.

பக்கவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு அவர் வாயில் வந்த முதல் வார்த்தை அது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், எந்த மூலையில் எந்த ஆயுதம் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடியவள், நாள் தவறாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்தாள்.