ஊசி கீறிய நடை

“ஷெல் குண்டு விழுந்தால் ஊசி துள்ளியெல்லே கீறும். உது ஷெல் இல்லை, அம்மா.”

“அப்ப நடுக்கடல் நிலநடுக்கமே?”

“அதெண்டால் கோடு நீளமா நெளியும்.”

“கொண்ணன் துரைராஜா மாதிரியே கதைக்கிறாய்.”

இந்து சமுத்திரத்தின் அடியில் கிடக்கும் மலைத்தொடர் எப்படி அதிர்கிறது என்று அறியத்தான் துரைராஜா நில அதிர்வைக் கீறிக்காட்டும் இந்தக் கருவியைச் செய்து குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். அவனைப் புதைத்து ஒரு மாரி கழிந்துவிட்டது. தங்கை மியூரியல் இன்னும் கடதாசிக்கு விளக்குப் புகை பிடித்து உருளையில் சுற்றுகிறாள். பொழுதுபட்டால் கரியில் சின்னக் கீறல்கள் விழும். ஒன்று அழுத்தமாக, அடுத்தது இழுபட்டு. வரவரப் பெரிதாகி, சட்டென நின்றுவிடும். துரைராஜா இடக்காலை இழுத்து நடப்பவன்.

அன்று உரும்பிராய் ஊர் முழுவதும் போருக்குத் தப்பித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. சைக்கிளில் மூட்டைகள் கட்டியாயிற்று. அன்றும் கீறல்கள் பெரிதாகி வந்து நின்றன. அம்மா வெறும் வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

“உன்ரை காலுக்கு ஏலுமெண்டால், ராசா, எங்களோடை வாவன்.”