மாமனார் காலி செய்த இடம்

"உங்கப்பா வந்து என் இடத்துல பாதியைப் பிடிச்சுட்டார். இன்னைக்கே காலி பண்ணச் சொல்லு!"

"மெதுவாப் பேசுங்க, அவர் காதுல விழப்போகுது," என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

வீடியோ எடிட்டர் சொன்ன இடம் வீட்டில் இல்லை, கம்ப்யூட்டரில். கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கிப் பார்க்கும் மாமனாரிடமிருந்து அதைக் காப்பாற்ற, அதற்குள்ளேயே அவருக்கென்று ஒரு வெர்ச்சுவல் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்திருந்தார். வெளியே இருந்து பார்த்தால் அது வெறும் ஒரு ஃபைல். மாமனார் சினிமா சினிமாவாக இறக்க, அது ஊதிக்கொண்டே போனது.

குடும்பப் படங்களைப் பார்க்க, அந்த ஃபைலுக்கு வெளியே, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டரும் உண்டு. அவசரத்துக்கு எடிட்டர் எதையும் அதில்தான் கொட்டுவார்.

சாயங்காலத்துக்குள் ஒரு கல்யாண வீடியோவை முடித்துக் கொடுத்தாக வேண்டும். பெண்ணின் அப்பா போன் மேல் போன் போடுகிறார். கம்ப்யூட்டரோ இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

மாமனார் ரோஷக்காரர். "வேண்டாததை எல்லாம் அழிச்சுடறேன், மாப்பிள்ளை," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

"அப்பா அழிச்சா உடனே இடம் வந்துடுமா?" என்று மனைவி காபியை நீட்டினாள்.

"எங்க வருது? உள்ள என்னதான் அழிச்சாலும் வெளிய அந்த ஃபைல் ஒரு இம்மிகூடக் குறையாது. அப்புறம் நான் உட்கார்ந்து அதைச் சுருக்கினாத்தான் உண்டு."

காபியைக் குடித்துவிட்டு வந்த எடிட்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பாதி டிஸ்க் காலி!

"சுருக்கவே வேண்டாம் போலிருக்கே! மாமா, உங்க கை ராசியான கை!" மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த மனுஷனைப் போய்த் திட்டினோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

மனைவிக்குத்தான் ஏதோ உறுத்தியது. "உள்ள அழிச்சா வெளிய குறையாதுன்னீங்களே?"

எடிட்டர் குலுக்கிய கையை விட்டுவிட்டார். "மாமா... நீங்க எதை அழிச்சீங்க?"

மாமனார் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் சினிமா ஒண்ணைக்கூடத் தொடலை, மாப்பிள்ளை. அந்தப் பொது ஃபோல்டர்ல யாரோ முன்னபின்ன தெரியாதவங்க கல்யாணம்தான் இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்தது!"