செர்ரியாக மறுத்த களாக்காய்

டிசம்பர் பிறந்ததும் பியூலா வீட்டு அடுப்பில் கேக்குக்கான சர்க்கரைப் பாகு கொதித்தது. அதில் சிவப்புச் சாயம் கலந்தாள். களாக்காய்களைக் கீறிக் கொட்டை எடுத்தாள். அவசரத்தில் ஒன்று மட்டும் கத்தி படாமல் தப்பியது.

“பயப்படாம குதி,” என்றது அதன் பக்கத்தில் கிடந்த பப்பாளிக்காய்த் துண்டு. “வெளிய வரும்போது நான் டூட்டி ஃப்ரூட்டி, நீ செர்ரி. கேக்கு உச்சியில உட்காருவ.”

“நான் களாக்காய். முள்ளுக்கு நடுவுல காய்ச்சவன். கண்ணால பார்க்காத செர்ரியோட பேரு எனக்கு எதுக்கு?”

“களாக்காய்னு சொன்னா ஊறுகாய் ஜாடிக்குத்தான் போவ.”

“போறேன். அங்க என் பேரைச் சொல்லித்தானே கேப்பாங்க!”

இரண்டும் பாகில் விழுந்தன. பப்பாளி ஆசை ஆசையாகக் குடித்தது. களாக்காய் தோலை இறுக்கிக்கொண்டது. “மேல சிவக்கட்டும். உள்ள ஒரு சொட்டு விடமாட்டேன்.”

கிறிஸ்துமஸ் அன்று பியூலாவின் நாத்தனார், கேக்கின் உச்சியில் சிவப்பாக மினுங்கியதை எடுத்துக் கடித்தாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“மதினி, செர்ரின்னீங்க! இது களாக்காய்ல்லா!”

அவள் பல்லுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டே களாக்காய் கத்தியது: “ஏ பப்பாளி, காதுல விழுந்துச்சா?”