மீசைக்கு வந்த சோதனை

"உன் பொண்டாட்டி சீட்டாட வந்தாளா, இல்ல குடுக்கிற சீட்டையெல்லாம் திருப்பிக் குடுக்க வந்தாளா?"

சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காகிதப் பொட்டலத்தில் துப்பிக்கொண்டே காபிக் கடைக் கூட்டாளி ஸ்தமாத் கேட்டான். மெத்தோடிக்குச் சுருக்கென்றது.

கயிற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பச்சை மேஜையில் அவன் மனைவி ருமியானா உட்கார்ந்திருந்தாள். பல்கேரியாவின் பிளாவ்திவ் நகரில் டவுன் பஸ் ஓட்டுபவள். நேற்று எண்பது பேரோடு தொடங்கிய போக்கர் போட்டியில், இந்த ஞாயிறு மதியம் மிச்சமிருந்தது ஐந்தே பேர். இதில் ஜெயித்தால் வார்னா கடற்கரையில் நடக்கும் பெரிய போட்டிக்கு டிக்கெட். ஆறு வருஷமாக அதற்குத்தான் அவள் தவம் கிடந்தாள்.

மெத்தோடி சும்மா இருந்திருக்கலாம். காபிக் கடையில் நாலு பேர் முன்னால், "என் ருமி வார்னா போகலேன்னா மீசையை எடுத்துடறேன்" என்று சவால் விட்டுவிட்டான். இருபத்தேழு வருஷத்து மீசை. ஸ்தமாத் சவரக் கத்தியோடேயே வந்திருந்தான், பாவி.

மெத்தோடிக்குத் தெரிந்த ஆட்டம் பெலோட் ஒன்றுதான். நல்ல சீட்டு வந்தால் மேஜை அதிர ஓங்கி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே இவள் ஒரு மணி நேரமாகச் சீட்டைப் பார்ப்பதும் கவிழ்ப்பதுமாக இருந்தாள்.

இடைவேளையில் அவளுக்குப் பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பணியாரமும் மோரும் கொடுத்தான்.

"ருமி, எப்போதான் மொத்தப் பந்தய வில்லையையும் தள்ளுவ?"

"தள்ள வேண்டிய நேரத்துல."

"அந்த கலோயன் வில்லையை மலையாட்டம் அடுக்கி வச்சுக்கிட்டு உன்னை மிரட்டறான். நீயும் பூனைக்குட்டி மாதிரி ஒதுங்கிடற! பெலோட்ல நான் இப்படி உட்கார்ந்தா என்னைத் தூக்கி வெளிய போட்டிருப்பாங்க."

"அதான் உன்னைக் கயித்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருக்காங்க" என்று சிரித்தவள், அவன் மீசையில் ஒட்டியிருந்த பனித்சாத் துணுக்கைத் தட்டிவிட்டாள். "இது பத்திரமா இருக்கட்டும். கவலைப்படாத."

ஆட்டம் மறுபடி தொடங்கியது. மூலையில் இருந்த ஓக்னியானிடம் மூன்றே வில்லைகள். அதிலும் ஒன்றை இந்த ஆட்டத்தில் அவன் கட்டாயம் வைத்தாக வேண்டிய முறை.

சீட்டைப் பிரித்துப் போட்டார்கள். கலோயன் தன் வில்லை மலையை இரண்டு கையாலும் நடுவே தள்ளினான்.

"ஆல்-இன்!"

அடுத்தது ருமியானா. இரண்டு சீட்டின் ஓரத்தையும் லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது.

மெத்தோடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியம். அந்தக் காது எப்போது சிவக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

"தள்ளு ருமி! தள்ளு!"

"அண்ணே, இன்னொரு வார்த்தை பேசினா வெளிய அனுப்பிடுவேன்" என்று போட்டி நடத்துபவர் விரலை ஆட்டினார்.

ருமியானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெடுநேரம் யோசித்தாள். பிறகு சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

மெத்தோடிக்கு மானமே போய்விட்டது. மற்ற இருவரும் ஒதுங்கிக்கொள்ள, "போறது போகட்டும்" என்று ஓக்னியான் கடைசி வில்லைகளையும் வைத்தான். ராஜாவும் ஒன்பதும் காட்டினான். கலோயன் காட்டியது வெறும் ஏழும் நாலும். கூட்டமே 'ச்சே' என்றது. ஆனால் நடுவில் விரித்த பொதுச் சீட்டில் இன்னொரு ஏழு வந்து விழுந்தது. ஓக்னியான் அவுட். எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனான்.

"ஏழும் நாலும்! அதைக் கண்டா பயந்து ஓடினா உன் ஆளு?" ஸ்தமாத் சவரக் கத்தியை எடுத்து விரித்தான். "மூஞ்சியைக் காட்டுடா."

அதற்குள் நடத்துபவர் மைக்கைப் பிடித்தார்.

"போட்டி முடிந்தது! வாழ்த்துகள்!"

"முடிஞ்சுதா? இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருக்காங்களே!" என்றான் மெத்தோடி.

மேஜையில் நாலு பேரும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாலு பேருக்கும் ஆளுக்கொரு கவர். ருமியானா நேராக வந்து தன் கவரைக் கணவன் கையில் திணித்தாள்.

"வார்னா டிக்கெட். மொத்தம் நாலு. இதுல முதல் இடம், நாலாவது இடம்னு எதுவும் கிடையாது. யார் கிட்ட எத்தனை வில்லை இருந்தாலும் ஒரே டிக்கெட்தான். மொத்தத்தையும் தள்ளித் தோத்தா எழுந்து கிளம்ப வேண்டியதுதான். அஞ்சாவது ஆள் கிளம்பற வரைக்கும் உட்கார்ந்திருக்கத் தெரியணும், அவ்வளவுதான்."

"ஓ, பயந்து உட்கார்ந்தே வாங்கிட்டாளா?" ஸ்தமாத் இன்னும் விடவில்லை.

பின்னாலேயே கலோயன் வந்து நின்றான். "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்கணும். கடைசில அவ்வளவு நேரம் யோசிச்சீங்களே, கையில என்ன இருந்துச்சு?"

"ரெண்டு ஏஸ்."

கலோயன் சிலுவை போட்டுக்கொண்டான். "இந்த ஆட்டத்துல அதுக்கு மேல சீட்டே கிடையாது! சத்தியமா எனக்கு அதைத் தூக்கிப் போடற தைரியம் வந்திருக்காதுக்கா."

மெத்தோடி மீசையை இரண்டு பக்கமும் நிதானமாக முறுக்கினான். பிறகு, போட்டி நடத்துபவர் முறைப்பதையும் பொருட்படுத்தாமல், மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! ரெண்டு ஏஸைத் தூக்கிப் போட்டவ என் பொண்டாட்டி!"