தாழியின் மூடி

தோண்டியெடுத்த முதுமக்கள் தாழியைப் பல்கலைக்கழகமே பங்கு போட்டுக்கொண்டது. மண் வேதியியலுக்கும், நெல் உமி தாவரவியலுக்கும், எலும்பும் மூடியும் உடற்கூறியலுக்கும் போயின. மூடியின் பூச்சில் இருந்த கீறல்களின் படம் மட்டும், நிஜ அளவில், தமிழ்த்துறை கோமதிக்கு வந்தது. ஆறு மாதம் மல்லுக்கட்டி அதில் ஒரு பெயரை வாசித்துவிட்டாள். கட்டுரையை அனுப்பப்போன மதியம் உடற்கூறியல் எஸ்தர் போன் செய்தாள்.

“கோமதி, கீறலுக்குள்ள நகத் துணுக்கு கெடக்குடீ.”

“எழுதுனவனோடதா இருக்கும்.”

“எழுதுனவனா? கீறல் மூடிக்கு உள்பக்கம்லா இருக்கு. உன்கிட்ட யாரும் சொல்லலையா?”

கோமதியின் கை தானாகப் படத்தின்மேல் போயிற்று. முதல் எழுத்தென்று அவள் வாசித்த நான்கு கோடுகளில் அவளுடைய நான்கு விரல்களும் அப்படியே பொருந்தின.